மதியத்துக்குப் பிறகு தொடங்கும் பி.காம்.

அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்



வணிகவியல் துறையில் அறக்கட்டளைச் சொற்பொழிவு நிகழ்த்துவதில் தனிப் பொருத்தம் ஒன்று உண்டு. இந்நாட்டில் வணிகக் கல்வியே ஓர் அறக்கட்டளையின் மடியில்தான் பிறந்தது. துபாஷியாக இருந்து பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794-இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற செல்வம் நெடுங்காலம் வழக்குகளில் கிடந்து, பிறகு அறப்பணிக்கு வந்தது. அந்த அறக்கட்டளையினர் 1886-இல் சென்னையில் தொடங்கிய பள்ளியையே இந்தியாவின் முதல் வணிகப் பள்ளி என்று வணிகக் கல்வி வரலாறுகள் குறிக்கின்றன. பம்பாயில் சிடனம் கல்லூரி வந்தது 1913-இல்தான்.

‘இளங்கலை வணிகப் படிப்பில் மாணவர் அனுபவம்’ என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் பேராசிரியர்களுக்கு நினைவு வருவது நாக் குழு வரும் ஆண்டில் நிரப்பப்படும் படிவமாக இருக்கும். ஆசிரியர் நேரத்துக்கு வருகிறாரா, நூலகம் திருப்தியா, குடிநீர் வசதி எப்படி என்று கேட்டு, மாணவர் வட்டமிட்ட எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் மாணவர் அனுபவம் முடிந்தது. நான் அந்தப் படிவத்தைத் தொடப்போவதில்லை. வாழ்க்கையே ஒரு பேரேடு, இன்பம் வரவு, துன்பம் பற்று என்கிற பழகிய உவமையும் இன்று உங்களுக்குக் கிடைக்காது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நம் மாணவர் வணிகம் அறியாதவராக இங்கே வருவதில்லை. படிக்கும் மூன்றாண்டுகளிலும் வணிகத்துக்குள்ளேயே நின்று வேலையும் செய்கிறார். நம் பாடத்திட்டம் மட்டும் அவரை எதுவும் அறியாதவர் என்று வைத்துக்கொண்டு நடக்கிறது. அவருடைய அந்த அறிவைப் பாடப்பொருளாக ஏற்காதவரை நாம் கொடுப்பது அரைப் பட்டம்தான்.

1. யார் வருகிறார்கள்?

பத்தாம் வகுப்பு மதிப்பெண் வந்த அன்று வீட்டில் ஒரு பேச்சு நடக்கும். கணக்கில் மதிப்பெண் குறைந்திருந்தால், “பேசாம காமர்ஸ் குரூப் எடுத்துக்கோ” என்று முடிவாகிவிடும். விரும்பி எடுத்தவர்களும் உண்டு. ஆனால் ஒதுக்கப்பட்டு வந்தவர்கள் என்ற எண்ணத்தோடு வருபவர்களே மிகுதி. வேடிக்கை என்னவென்றால், இரண்டாண்டு கழித்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்க்கை தொடங்கும்போது முதலில் நிரம்பும் இடங்களில் பி.காம். இருக்கும். பொது, சி.ஏ., கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ், பேங்க் மேனேஜ்மென்ட் என்று கிளை பிரிந்து, பக்கத்திலேயே பி.பி.ஏ.வும் நிற்கும். பி.காம். சி.ஏ.வில் சேர்த்துவிட்டு மகன் ஆடிட்டராக வருவான் என்று நம்பி, அது கணினிப் பயன்பாடு என்று இரண்டாம் பருவத்தில் அறிந்துகொண்ட பெற்றோர் நம்மிடையே இருக்கிறார்கள்.

இந்த மாணவர்களின் வீட்டைப் பாருங்கள். தாய் மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பார். தருமபுரியில் 1989-இல் தொடங்கிய அந்த இயக்கம் தமிழ்நாட்டுப் பெண்களிடம் தீர்மானப் புத்தகத்தையும் சேமிப்புப் பேரேட்டையும் கொண்டுசேர்த்தது. குழுக் கடனில் அசல் எவ்வளவு போயிற்று, வட்டி எவ்வளவு போயிற்று என்று அந்த அம்மாவிடம் கேட்டால் விரல்விட்டுச் சொல்வார். தந்தை காய்கறிக் கடையில் இருக்கலாம், தறி ஓட்டலாம், பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கலாம். காலையில் தண்டல்காரர் வந்து நிற்பதையும், ஏலச்சீட்டில் யார் எவ்வளவு தள்ளி எடுத்தார் என்று மாலையில் நடக்கும் பேச்சையும் கேட்டே பிள்ளை வளர்ந்திருக்கிறான். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் இடையே என்ன நடக்கிறது, கடன் சொல்லி வாங்குபவரை எப்படி எடைபோடுவது, பண்டிகைக்கு எத்தனை நாள் முன்பு சரக்கு இறக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்பதுதான் தெரியாது. நாமும் அதைச் சொல்வதில்லை.

2. கடையும் பள்ளியும் பிரிந்த கதை

இந்தப் பிரிவு நேற்று வந்ததல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் நடத்திய கொடுக்கல் வாங்கல் கடைகளை எண்ணிப் பாருங்கள். பெட்டியடிப் பையனாக ஒரு சிறுவன் சேர்வான். பெருக்குவது, தண்ணீர் வைப்பது, கடிதம் கொண்டுபோவது அவன் வேலை. அதற்கிடையே ஐந்தொகை எப்படி எடுக்கிறார்கள், வாடிக்கையாளரின் முகத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பான். பிறகு அடுத்தாள் ஆவான். திறமை இருந்தால் மேலாளாகவும் உயர்வான். ஊரிலிருந்து போய்ப் பொறுப்பு ஏற்றால் ஏறக்குறைய மூன்றாண்டு. கணக்கை ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். இந்த உலகம் எப்படி இயங்கியது என்று அறிய விரும்பும் மாணவர்கள் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை வாசிக்கலாம். அவரே இந்தோனேசியாவின் மேடான் நகரில் அப்படியொரு கடையில் வேலை பார்த்தவர்.

காலனிய ஆட்சியில் வந்த வணிகக் கல்வியின் தேவை வேறு. ஏஜென்சி ஹவுஸ்களுக்கும் வங்கிகளுக்கும் ரயில்வேக்கும் ஆங்கிலத்தில் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தார்கள். அதனால் முறையான இரட்டைப் பதிவும் கடிதப் போக்குவரத்தும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் பாடமாயின. 1494-இல் வெனிசில் லூக்கா பாசியோலி அச்சேற்றிய முறை அப்படித்தான் நம் வகுப்பறைக்கு வந்தது. அதில் குறையில்லை, உலகமே ஏற்ற முறை அது. வந்த வேகத்தில் நம் கடைகள் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்ததை அது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். கடையில் கற்பது பிழைப்பு, கல்லூரியில் கற்பது கல்வி என்று பிரித்து வைத்தோம். ஆட்சி மாறிய பின்பும் அந்தப் பிரிவினை அப்படியே இருக்கிறது.

3. முதல் பருவம்

தமிழ் வழியில் படித்து வந்த மாணவர் பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம் என்று எல்லாவற்றையும் பிழையில்லாமல் எழுதியிருப்பார். ஜூன் மாதம் அதே கணக்கு வேறு உடுப்பில் வந்து நிற்கும். கையில் ரெட்டி–மூர்த்தியின் தடித்த புத்தகம், நூலகத்தில் குப்தா–ராதாசாமி. பள்ளியில் 90-க்கு மேல் வாங்கிய பிள்ளை, வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். அவருக்குக் கணக்கு வராமல் இல்லை. கேள்வி கேட்க ஆங்கில வாக்கியம் வரவில்லை. அந்த மௌனத்தைத் திறமைக் குறைவு என்று கணிப்பதில்தான் பல மாணவர்களின் மூன்றாண்டு தொலைகிறது.

அடுத்தது கணக்குப் போடும் பழக்கம். ஆசிரியர் கரும்பலகையில் போடுவார். மாணவர் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து நோட்டில் இறக்குவார். இரு பக்கமும் ஒரே தொகை வந்துவிட்டால் வகுப்பில் ஒரு நிம்மதி பரவும். வராவிட்டால் பக்கத்து நோட்டிலிருந்து தொகை வரும். தேர்வுக்கு எந்த மாதிரிக் கணக்கு வரும் என்பது பழைய வினாத்தாளில் தெரிந்துவிடும். வினாவில் கொடுத்த எல்லா எண்ணையும் பயன்படுத்தியாக வேண்டும், பயன்படாத எண் ஒன்றும் இருக்காது என்பது அவர்கள் கண்டுகொண்ட பொன்விதி. நிஜக் கடையில் இது தலைகீழ். வேண்டாத தகவல் குவிந்து கிடக்கும், வேண்டியது கிடைக்காது. பில் ஒன்று தொலைந்திருக்கும். சரக்கு ஒன்று கணக்கில் வராமல் போயிருக்கும். எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்தெடுப்பதே கணக்காளரின் வேலை. நம் வினாத்தாள் அந்த வேலையை முன்பே முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் கூட்டல் கழித்தலை மாணவரிடம் தருகிறது.

சட்டத் தாளும் அப்படித்தான். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் படிக்கும் மாணவர் எவரும் கார்லில் வழக்கை மறக்கமாட்டார். எங்கள் புகைப்பந்தைப் பயன்படுத்தியும் இன்ஃபுளுயன்சா வந்தால் 100 பவுண்டு தருகிறோம், அதற்கு 1,000 பவுண்டு வங்கியில் போட்டிருக்கிறோம் என்று 1890-களின் லண்டனில் ஒரு நிறுவனம் விளம்பரம் கொடுத்தது. நம்பிப் பயன்படுத்திய ஓர் அம்மாள் காய்ச்சலில் விழுந்து, வழக்குப் போட்டு வென்றார். அருமையான வழக்கு, படிக்கத்தான் வேண்டும். ஆனால் அதே மாணவரின் கைப்பேசியில் ஏழே நாளில் முடி வளரும், பயன் இல்லாவிட்டால் பணம் வாபஸ் என்று தினமும் விளம்பரம் வருகிறது. அதை எடுத்து, இது பொது முன்மொழிவா, வெறும் விளம்பரப் புகழ்ச்சியா என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும். நாம் கேட்பதில்லை, வழக்கின் பெயரை எழுதினால் இரண்டு மதிப்பெண் சேர்க்கிறோம்.

4. மதியம் ஒன்றரைக்குப் பிறகு

இரண்டு ஷிப்ட் நடக்கும் கல்லூரிகளில் முதல் ஷிப்ட் மதியம் ஒன்றரை மணியளவில் முடிகிறது. நம் மாணவரின் நாளில் அப்போது பாதிதான் போயிருக்கிறது. முகூர்த்த நாள் என்றால் கேட்டரிங். மாலை வரவேற்பில் பரிமாறிவிட்டு, இரவு அங்கேயே தங்கி, விடியற்காலையில் காலைப் பந்திக்கு இலை போட வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஜவுளிக் கடை. மற்ற நாட்களில் உணவு டெலிவரி, மெடிக்கல் ஷாப், செல்போன் கடை, ஆடிட்டர் ஆபீஸ். முதல் மணிக்கு வகுப்பில் தூங்கிவிழும் பையனை எழுப்பி நிற்கவைக்கிறோம். முந்தைய இரவு அவன் 800 பேருக்குச் சாம்பார் ஊற்றியிருக்கலாம் என்பது வருகைப் பதிவேட்டில் தெரியாது.

இந்த வேலைகளில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் பாடத்திட்டத்துக்கு நெருங்கிய உறவு இருந்தும் பேச்சுவார்த்தை இல்லாத மூன்று.

முதலாவது, ஆடிட்டர் ஆபீஸ். திருப்பூரிலும் கரூரிலும் சிவகாசியிலும் இந்த அலுவலகங்களை நடத்திக்கொண்டிருப்பவர்களில் நம் மாணவர்களும் உண்டு. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. அதிலிருந்து, மாதாந்திரக் கணக்கு தாக்கல் செய்யும் வணிகர்களுக்காக 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், 20-ஆம் தேதிக்குள் 3பி என்று மாதம் ஓடுகிறது. கொள்முதல் பில்லில் கட்டிய வரி, விற்றவர் தாக்கல் செய்ததில் வந்திருக்கிறதா என்று வரிவரியாக ஒப்பிடுவது பெரும்பாலும் இந்தப் பிள்ளைகள்தான். விற்றவர் காட்டவில்லை என்றால் வாங்கியவருக்கு வரி வரவு நிற்கும். வாங்கியவர் போன் போட்டுச் சத்தம் போடுவார். அதையும் இந்தப் பிள்ளைதான் வாங்கிக்கொள்ளும். பெங்களூருவில் 1986-இல் கோயங்கா குடும்பம் தொடங்கிய நிறுவனத்தின் டாலி மென்பொருளில் கண்ணை மூடிக்கொண்டு வவுச்சர் போடுவார்கள். மறைமுக வரித் தாளில் அதே மாணவருக்கு 42 மதிப்பெண். ‘ஜி.எஸ்.டி.யின் நன்மைகள் யாவை’ என்பதற்குப் பத்துக் குறிப்பு எழுதத் தெரியவில்லை என்பதால்.

இரண்டாவது, ஜவுளிக் கடை. காலை முதல் இரவு வரை நின்றபடியே புடவை பிரித்துக் காட்டுகிற வேலை. நின்று நின்று கால் வீங்கிய பிள்ளைகள் மறுநாள் மனிதவள மேலாண்மை வகுப்பில் மாஸ்லோவின் 1943-ஆம் ஆண்டுத் தேவைப் படிநிலையை முக்கோணமாக வரைகிறார்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. பணியாளர்கள் அமர இருக்கை தர வேண்டும் என்று அதற்கு 2021-இல் திருத்தம் வந்தது. கேரளத்துக்கு அடுத்து இதைச் சட்டமாக்கியது தமிழ்நாடு. கடையில் வேலை செய்யும் மாணவிக்கு நேரடியாகப் பொருந்தும் இந்தச் சட்டத்தை அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் இயல்பான இடம் வணிகச் சட்ட வகுப்புதான். அங்கே 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வரைக்கும் போய், மணி அடித்துவிடுகிறது.

மூன்றாவது, டெலிவரி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்; நம் பாடத்தின் பாதி இந்த ஒரு வண்டியில் இருக்கிறது. மாணவர் 90,000 ரூபாய் கடனில் பைக் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘பத்து சதவீத வட்டிதான் தம்பி, மூணு வருஷம்’ என்கிறார் ஷோரூம்காரர். ஆண்டுக்கு 9,000 வீதம் மூன்றாண்டுக்கு 27,000 வட்டி, ஆக 1,17,000, மாதத் தவணை 3,250. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? ஆனால் மாதாமாதம் அசலின் ஒரு பகுதி திரும்பிக்கொண்டே இருக்கிறது. வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு 90,000-க்கும் கணக்கிடப்படுகிறது. குறைந்துவரும் அசலின் மீது கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 18 சதவீதம். இதைக் கண்டுபிடிக்க வேண்டிய சூத்திரம் வணிகக் கணிதத் தாளில் இருக்கிறது. மாணவர் அதில் தேர்ச்சியும் பெற்றிருக்கிறார். தன் தவணைச் சீட்டை அந்தச் சூத்திரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி அவரிடம் சொன்னவர் எவருமில்லை.

வண்டி வாங்கியாயிற்று. தினமும் 100 கிலோமீட்டர் ஓடும் வண்டியின் மதிப்பு எப்படித் தேயும்? நேர்கோட்டு முறையா, குறைந்துசெல் மதிப்பு முறையா, ஓடிய தூரத்தை வைத்தா? டயரும் ஆயிலும் இன்சூரன்ஸும் தேய்மானமும் கழித்தால் ஓர் ஆர்டருக்குக் கையில் நிற்பது எவ்வளவு? இது அடக்கவிலைக் கணக்கியல். இத்தனை ஆர்டர் தொட்டால் இன்சென்டிவ், ஒன்று குறைந்தாலும் இல்லை என்பது ஊக்க ஊதியத் திட்டம். டெய்லரின் வேறுபட்ட பீஸ் ரேட்டை நடத்தும்போது இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அவர் அந்த நிறுவனத்தின் ஊழியரா, சுயேச்சை ஒப்பந்தக்காரரா என்பது சட்டம். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கிக் தொழிலாளர் என்று ஒரு வகையை வரையறுத்தது. தமிழ்நாடு அரசு 2023-இல் அவர்களுக்கு நலவாரியம் அமைத்தது. ஐந்து தாள்களை ஒரே இருக்கையில் சுமந்துகொண்டு ஒரு மாணவர் நம் வாசலில் வண்டியை நிறுத்துகிறார். வாகன நிறுத்தத்துக்கு டோக்கன் வாங்கினாயா என்று நாம் கேட்கிறோம்.

5. ஐ.வி.யும் புராஜெக்ட்டும்

வெளி உலகைப் பார்க்க ஏற்பாடே இல்லையா என்றால், இரண்டு உண்டு. ஒன்று, இண்டஸ்ட்ரியல் விசிட். மாணவர் மொழியில் ஐ.வி. பால் பண்ணையிலோ தேயிலை ஆலையிலோ ஒரு மணி நேரம், மூணாறிலோ ஊட்டியிலோ இரண்டு நாள். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். வெளியூரையே பார்க்காத பிள்ளைக்கு, அதிலும் வீட்டில் அனுமதி வாங்கப் போராடிய மாணவிக்கு, அந்தப் பேருந்துப் பயணம் மூன்றாண்டின் சிறந்த நினைவு. ஆனால் அதைத் தொழிலக அனுபவம் என்று அறிக்கையில் எழுதும்போது கொஞ்சம் கூச்சம் இருக்கட்டும்.

இன்னொன்று இறுதியாண்டு புராஜெக்ட். தலைப்பு உங்களுக்கே தெரியும்: இன்ன நிறுவனத்தின் இன்ன பொருள் குறித்து இன்ன மாநகர வாடிக்கையாளர்களின் திருப்தி பற்றிய ஓர் ஆய்வு. படிவத்தை நண்பர்களே ஹாஸ்டல் அறையில் நிரப்பிவிடுவார்கள். சதவீதப் பகுப்பாய்வு, கை-வர்க்கச் சோதனை, வண்ண வட்டப்படம். பெரும்பான்மையோர் திருப்தியாக இருக்கிறார்கள் என்பது முடிவு. நிறுவனம் விளம்பரத்தை அதிகப்படுத்த வேண்டும் என்பது பரிந்துரை. கல்லூரி வாசலிலுள்ள ஜெராக்ஸ் கடையில் பைண்டிங்கோடு சேர்த்து உள்ளடக்கமும் கிடைக்கும் என்பது ஊரறிந்த ரகசியம்.

இதே மாணவரிடம், நீ வேலை செய்யும் கேட்டரிங்காரர் ஒரு இலைக்கு எவ்வளவு செலவு பார்க்கிறார், எவ்வளவு வீணாகிறது என்று எழுதிக் கொண்டுவா என்று சொல்லிப் பாருங்கள். உன் அம்மாவின் ஏலச்சீட்டில் முதல் மாதம் எடுத்தவருக்கும் கடைசி மாதம் எடுத்தவருக்கும் உண்மையில் விழுந்த வட்டி என்ன என்று கணக்கிடு. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தின்படி சீட்டு நடத்துபவர் எடுக்கத்தக்க கமிஷன் 5 சதவீதமாக இருந்து 2019-இல் 7 சதவீதம் ஆனதே, உங்கள் சீட்டில் எவ்வளவு எடுக்கிறார் என்று பார் என்று சொல்லிப் பாருங்கள். அதை ஜெராக்ஸ் கடையில் வாங்க முடியாது. அவர் எழுதிக் கொண்டுவருவதில் ஆங்கிலம் தடுமாறலாம், கருத்து தடுமாறாது.

6. கடை கற்றுத்தராதது

இங்கே ஒரு மறுப்பு எழும். வேலையிலேயே எல்லாம் கற்றுக்கொள்ளலாம் என்றால் கல்லூரி எதற்கு? நியாயமான கேள்வி. கடையில் எப்படி என்பது தெரியும். ஏன் என்பது பெரும்பாலும் தெரியாது. வவுச்சர் போடத் தெரிந்தவருக்கு அந்த வரி ஏன் அப்படி அமைந்தது என்று தெரியாது. அதைவிட முக்கியம், கடை தனக்கு ஆகாததைக் கற்றுத்தராது. உட்காரும் உரிமையை எந்த முதலாளியும் வகுப்பெடுத்துச் சொல்லமாட்டார். தவணை வட்டியின் உண்மை விகிதத்தை ஷோரூம்காரர் விளக்கமாட்டார். அதை ஆண்டுச் சதவீதமாகத் தனியே எழுதிக் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி போட வேண்டியிருந்தது.

பார்க்கும் எல்லையை விரிப்பதும் கல்லூரியின் வேலைதான். வ.உ.சி.யின் சுதேசி நாவாய்ச் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1906-இல் பதிவான கூட்டுப்பங்கு நிறுவனம். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். தூத்துக்குடி–கொழும்பு தடத்தில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துப் போட்டியாளரை நசுக்கப் பார்த்தது. நிறுவனர் சிறைக்குப் போனார், நிறுவனமும் நிலைக்கவில்லை. பங்கு திரட்டுவது, விலைப் போர், அரசின் பக்கச்சார்பு, தலைவர் ஒருவரையே நம்பியிருக்கும் நிறுவனத்தின் ஆபத்து என்று நிறுவனச் சட்டத்துக்கும் சந்தையியலுக்கும் நிதி மேலாண்மைக்கும் ஒருசேர உதவும் கதை இது. நம் மாணவர் இதை விடுதலை வரலாறாக மட்டும் பள்ளியில் படித்தார். 1897-இல் தீர்ப்பான லண்டன் தோல் வியாபாரி சாலமனின் வழக்கு வணிகவியலாக வருகிறது. தூத்துக்குடிக் கப்பல் வருவதில்லை. இரண்டும் வர வேண்டும். இன்று நாற்பது ரூபாய் தள்ளுபடி கொடுத்து ஊர்க் கடையை மூட வைக்கும் செயலியை அன்றைய கட்டணக் குறைப்போடு ஒப்பிட்டுப் பார்க்க மாணவருக்கு வகுப்பறை வேண்டும். அது டெலிவரி வண்டியில் ஓடும்போது நடக்காது.

மாணவியரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2022-இல் புதுமைப் பெண் திட்டம் வந்தது. அரசுப் பள்ளிகளில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய். 2024-இல் தமிழ்ப் புதல்வன் என்று மாணவருக்கும் வந்தது. தொகை சிறிது என்பவர்கள், தன் பெயரில் முதல் வங்கிக் கணக்கில் பணம் விழுந்ததைப் பார்த்த பெண்ணிடம் கேட்க வேண்டும். ஆனால் ஆடிட்டர் ஆக வேண்டும் என்ற ஆசையைச் சொல்லத் தயங்கும் மாணவியர் இன்னும் இருக்கிறார்கள். பட்டம், பிறகு பயிற்சி, பிறகு தேர்வு என்று ஆண்டுகள் கூடும்; அதற்குள் வரன் வந்துவிடும். அவர்களுக்கு நான் ஆர். சிவபோகம் அம்மையாரை நினைவூட்ட விரும்புகிறேன். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் படித்து, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு பெற இயலாது என்று அன்றைய விதி தடுத்தது. நீதிமன்றம் போய் வென்றார். இந்தியாவின் முதல் பெண் பட்டயக் கணக்காளர் அவர்தான். 1950-களில் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தென்மண்டலக் குழுவுக்கே தலைமை தாங்கினார். தணிக்கைத் தாளின் முதல் அலகில் இவர் பெயர் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

மாணவர் உழைப்பை நான் போற்றிப் பாடுவதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரவு வேலை உடம்பைத் தின்கிறது. 75 சதவீத வருகை இல்லாமல் தேர்வெழுத முடியாமல் போனவர்களும், அரியரைச் சுமந்துகொண்டே படிப்பை விட்டவர்களும் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். வேலை தேவையில்லாமல் படிக்க முடிந்தால் அதுவே நல்லது. முடியாதபோது, அந்த வேலை படிப்புக்கு எதிரியாக நிற்காமல் படிப்புக்குள் வரட்டும் என்பதே என் வாதம்.

7. செய்யத்தக்கவை

பெரிய சீர்திருத்தங்கள் மேலிருந்து வரும். பி.பி.ஏ. 2024–25 முதல் ஏ.ஐ.சி.டி.இ.யின் கீழ் போயிருக்கிறது. நான் முதல்வன் திட்டம் 2022 முதல் திறன் பயிற்சி தருகிறது. அவற்றுக்கு நடுவே, ஒரு துறையே தன் அளவில் செய்யக்கூடிய நான்கைச் சொல்கிறேன்.

ஒன்று, மாணவர் ஏற்கெனவே பார்க்கும் வேலையை இன்டர்ன்ஷிப்பாக ஏற்கலாம். நிறுவனத்தின் லெட்டர்பேடு கேட்பதற்குப் பதில், அங்கே கற்றதைப் பாடத்தோடு இணைத்து எழுதிய குறிப்பேட்டைக் கேட்போம். விடுமுறையில் ஏதோவொரு அலுவலகத்தில் கையெழுத்து வாங்கி வரும் போலிச் சான்றிதழைவிட இது மேல்.

இரண்டு, இன்டர்னல் மதிப்பெண் 25 நம் கையில் இருக்கிறது. அதில் ஒரு தேர்வுக்காவது, வேண்டாத தகவலும் விடுபட்ட தகவலும் கலந்த நிஜக் கணக்கை வைப்போம். எந்தத் தகவல் போதவில்லை என்று சரியாகச் சொன்னவருக்கும் மதிப்பெண் உண்டு என்று முன்பே அறிவிப்போம்.

மூன்று, ஊர்க் கதைகளைத் தொகுப்போம். சிவகாசியின் அச்சகம், ஈரோட்டின் மஞ்சள் ஏலம், 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகப் பிறந்து இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாக நிற்கும் நிறுவனம் என்று ஆளுக்கொன்று எழுதினாலும் ஐந்தாண்டில் ஒரு பாடநூல் சேரும். வகுப்பில் தமிழில் விவாதிக்கட்டும். எழுதும் மொழி பிறகு வரும்.

நான்கு, சட்டத் தாளில் ஒரு வாரத்தை மாணவரின் சொந்த ஒப்பந்தங்களுக்கு ஒதுக்குவோம். டெலிவரி செயலியின் நிபந்தனைகள், தவணைப் பத்திரம், ஹாஸ்டல் முன்பணம், நகைக் கடன் ரசீது. கையெழுத்துப் போடும் முன் படிக்கத் தெரிந்தவராக ஒருவரை வெளியே அனுப்புவது சிறிய சாதனை அல்ல.

பேராசிரியர்கள் கேட்பது காதில் விழுகிறது: ஐந்து அலகை முடிப்பதற்கே நேரம் இல்லை. உண்மைதான். ஆனால் தவணைச் சீட்டை வைத்து வட்டியை நடத்தினால் அந்த அலகு இன்னும் வேகமாக முடியும். புரிந்த கணக்கை மறுபடி நடத்த வேண்டியதில்லையே.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கேட்டரிங் போவதையும் கடையில் நிற்பதையும் நேர்முகத் தேர்வில் மறைக்காதீர்கள். ‘அனுபவம் இல்லை’ என்று எழுதும் இடத்தில், 800 பேர் பந்தியை நேரத்துக்கு முடித்த கதையைச் சொல்லுங்கள். எத்தனை பேர், எவ்வளவு பொருள், எங்கே தடங்கல், எப்படிச் சமாளித்தீர்கள் என்று எண்ணோடு சொல்லுங்கள். அப்படிச் சொல்ல இந்தத் துறை உங்களைப் பழக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நிறைவாக, அறக்கட்டளைக் குடும்பத்தாரிடம் ஒரு விண்ணப்பம். முதல் மதிப்பெண் வாங்கும் மாணவருக்கு ஆண்டுதோறும் பரிசு தருகிறீர்கள், அது தொடரட்டும். கூடவே இன்னொரு பரிசு வையுங்கள்: தான் பார்த்த வேலையின் கணக்கை, தன் வீட்டுக் கடனின் கணக்கை, தன் தெருக் கடையின் கணக்கை ஆராய்ந்து எழுதிய சிறந்த புராஜெக்ட்டுக்கு. நடுவராக ஒரு பேராசிரியரும் ஒரு கடைக்காரரும் சேர்ந்து உட்காரட்டும். முதல் ஆண்டு இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்வார்கள். அந்தச் சண்டையைக் கேட்க மாணவர்களையும் உள்ளே விடுங்கள்; நல்ல வணிகவியல் வகுப்பாக இருக்கும்.